கார்டில் எழுதாமல் விட்ட பூனை

போன மாதம் குமுதா போன் செய்தாள். கள்ளக்குறிச்சி சர்வீஸ் சென்டரில் என்னோடு பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவள். நான் ஓய்வு பெற்ற பிறகு ஸ்பீக்கர் மேஜை அவளிடம் வந்திருக்கிறது.

"யக்கா, பூனை கீறின ஸ்பீக்கர் ஒன்னு வந்துது. செஞ்சு முடிச்சிட்டேன். இப்பல்லாம் கார்டு கெடையாது இல்ல, செல்போன்லதான் ஏத்தணும். இன்னா காரணம்னு கேக்குது. பூனைன்னு போட எடமே இல்லக்கா."

"வேற இன்னா இருக்குது?"

"கம்பெனி குறை, கரண்டு கோளாறு, உபயோகிப்பவர் தவறு. மூணுதான். மூணாவத அமுக்கிடட்டுமா?"

"அமுக்காத!" என்று நான் போட்ட சத்தத்தில், பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எழுந்து வந்துவிட்டார்.

ஏன் கூடாது என்று குமுதா கேட்டாள். போனில் சொல்லி முடிகிற விஷயமா அது? எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் இத்தனை வருஷம் கழித்தும் ஆத்திரம் வருகிறது.

என் படிப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரானிக்ஸ் இரண்டு வருஷம். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். வேலைக்குப் போன முதல் நாள் "பில் போடத் தெரியுமா?" என்று கேட்டார்கள். ஈயம் உருக்கிப் பற்றவைக்கத் தெரியும் என்றேன். நம்பாமல் ஒரு செத்துப்போன ரேடியோவைக் கொடுத்தார்கள். மத்தியானத்துக்குள் அது பாடியது. அதிலிருந்து முப்பத்தொரு வருஷம் அதே ஊர், அதே கடைவீதி. ரேடியோ, டேப் ரெக்கார்டர் எல்லாம் போய், வீட்டுக்கு வீடு இடுப்புயர ஸ்பீக்கர்கள் வந்தன. அவற்றோடு சேர்ந்து பூனைகளும் என் வேலைக்குள் வந்தன.

ஸ்பீக்கர் என்பது பூனைக்காகவே செய்த பொருள் மாதிரி இருக்கும். பூனை நகத்தைத் தீட்டிக்கொள்ள அதற்கு நிமிர்ந்து நிற்கிற, ஆடாத, சொரசொரப்பான ஒன்று வேண்டும். இடுப்புயரப் பெட்டியின் முன்னால் இழுத்துக் கட்டிய துணியை விட அதற்குத் தோதான பொருள் உலகத்தில் உண்டா? பக்கத்தில் ஆம்ப்ளிபயர் வேறு கதகதவென்று இருக்கும். அதன் மேல் படுத்துத் தூங்கி எழுந்து, சோம்பல் முறித்து, அடுத்த அடியில் துணியில் நகத்தை வைக்கும். இது திமிர் இல்லை, பழிவாங்கல் இல்லை. பூனை பூனையாக இருக்கிறது, அவ்வளவுதான். இதைப் புரியவைக்கவே எனக்குப் பாதி ஆயுள் போனது.

தியாகதுருகத்தில் ஒருவர் யாரோ சொன்னார்கள் என்று மிளகாய்த் தூளைக் கரைத்து ஸ்பீக்கர் துணி முழுக்கத் தெளித்து வைத்திருந்தார். பூனை கீறியது. அதே காலால் முகத்தைத் துடைத்தது. நான் போனபோது ஒரு கண் வீங்கி மூடிக் கிடந்தது. ஸ்பீக்கருக்குள்ளும் தூள் இறங்கி, உள்ளே கம்பி சுற்றிய காயிலில் உரசியது. "ரெண்டையும் கெடுத்துட்டீங்களே சார்" என்றேன். "பூன கெடக்குது, ஸ்பீக்கரு தேறுமா பாரும்மா" என்றார். முதலில் பூனையைக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள், திரும்பி வந்து கதவைத் திறந்தால்தான் பையைப் பிரிப்பேன் என்று வாசலிலேயே நின்றேன். திட்டிக்கொண்டேதான் போனார். ஆனால் போனார்.

சங்கராபுரத்தில் ஒரு தாசில்தார் ஆபீஸ் குமாஸ்தா அம்மா எதிர்மாறு. பூனை தூங்குகிறது என்று ஆம்ப்ளிபயரை அணைக்காமலே வைத்திருந்தார். காற்றுத் துளைகள் எல்லாம் ரோமத்தால் அடைபட்டுப் பெட்டி வெந்துபோனது. அவருக்கு நான் செய்து கொடுத்ததைத்தான் பிறகு எல்லா வீட்டிலும் செய்தேன். துணிக்கு ஒரு விரல்கடை முன்னால் துளை போட்ட தகட்டை நிறுத்தித் திருகிவிட வேண்டும். தகட்டில் நகம் வழுக்கும், துணி வரை எட்டாது. பெட்டியின் பின்பக்கம் கைநுழைகிற ஓட்டை ஒன்று இருக்கும், அதற்கும் வலை. பெட்டி சாயாதபடி அடியில் கனமான பலகை. இத்தனையும் செய்தாலும் பூனை கீறத்தான் வேண்டும், அதனால் பக்கத்திலேயே ஒரு கட்டையில் தேங்காய்நார்க் கயிற்றை இறுக்கிச் சுற்றி நட்டுவிட வேண்டும். படுக்க வெயில் விழுகிற ஜன்னலோரம் ஒரு கோணிச் சாக்கு. அரை நாள் வேலை. பூனையை அடிக்கவும் வேண்டாம், விரட்டவும் வேண்டாம்.

இப்போது எங்கள் மேனேஜர் கோதண்டராமன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. நாற்காலியில் வெள்ளைக் கைக்குட்டையை விரித்துத்தான் உட்காருவார். பழுது பார்த்த ஸ்பீக்கரை வெளியே அனுப்புமுன் அவரே சோதிப்பார். இரண்டு கட்டை விரலையும் ஸ்பீக்கர் நடுவில் அதிர்கிற கூம்பின், அதாவது கோனின் மேல் சமமாக வைத்து, மெதுவாக உள்ளே தள்ளி, காதைப் பக்கத்தில் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொள்வார். ஒரு மயிரிழை உள்ளே இருந்தாலும் அந்த உரசல் அவருக்குக் கேட்டுவிடும். "செல்வி, எட்டு மணி பக்கம் ஏதோ இருக்கு" என்பார், கடிகாரத்தில் இடம் சொல்கிற மாதிரி. திறந்தால் அங்கேதான் இருக்கும். அந்தக் காதுக்கு நான் இன்றும் கை எடுப்பேன். மனசு வேறு கதை.

பழுது பார்த்ததும் காரணத்தைக் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நகல் ஸ்பீக்கர் சொந்தக்காரருக்கு. முதல் வருஷத்தில் கைதவறி நேர்ந்த சேதம் என்றால் கம்பெனி இலவசமாகச் செய்து தரும். மிருகத்தால் என்றால் செய்யாது. பூனை கேஸ் வந்தால் சார் கார்டை என் பக்கம் நகர்த்தி, மிருதுவாகச் சொல்வார்: "ஒரே ஒரு சொல்லுதான் செல்வி. பூனைன்னு போடாதீங்க. கைதவறிய சேதம்னு போடுங்க. வூட்டுக்காரருக்கும் சந்தோஷம், நமக்கும் தலைவலி இல்ல. யாருக்கு என்ன நஷ்டம்?"

யாருக்கும் நஷ்டமில்லை என்று நானும் எழுதினேன். எத்தனை கார்டு எழுதினேன் என்று நினைவில்லை. எழுதினேன், அவ்வளவுதான்.

வடக்கனந்தலில் ராஜமாணிக்கம் என்று ஒருவர். நிலபுலம் உள்ளவர், சொந்த அரைவை மில்லும் உண்டு. வாங்கி நாலு மாதமான ஸ்பீக்கர் ஜோடி, வலதுபக்கத்தது கரகரக்கிறது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் துணி தொங்குகிறது. கீழ்ப் பாதியில் நாலு நாலாகக் கோடுகள், மேலிருந்து கீழாக, ஒரே இடைவெளியில். ஆம்ப்ளிபயர் மேல் வெள்ளை வெளேரென்று ஒரு பூனை, சடை சடையாக ரோமம். மகன் சென்னையிலிருந்து வாங்கி வந்ததாம். பெயர் ஸ்வீட்டி.

"பூனைங்க" என்றேன்.

ராஜமாணிக்கம் சிரித்தார். "ஸ்வீட்டியா? அது பஞ்சு மாதிரிம்மா. தூங்கறத தவிர ஒன்னும் தெரியாது."

அந்த வீட்டில் வேலை செய்த அலமேலுதான் பெட்டியின் மறுமுனையைப் பிடித்து ஆட்டோ வரைக்கும் தூக்கி வந்தாள். கல்வராயன் மலைக்காரி. மகள் பத்தாவது படிப்பதற்காகக் கீழே வந்து அறை எடுத்துத் தங்கியிருந்தாள். ஆட்டோவில் ஏற்றும்போது மெதுவாகச் சொன்னாள்: "வெள்ளப் பூன பண்ற வேலதான்க்கா இது. டெய்லி பாத்துக்கினுதான் இருக்கேன். நான் சொன்னா நம்ப மாட்றாங்க."

எனக்குத் தெரியும் என்றேன். சொன்னேனே தவிர, சென்டருக்குப் போனதும் சார் கார்டை நகர்த்தினார், நான் "கைதவறிய சேதம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். புது கோன் போட்டு, புது துணி கட்டி, ஸ்பீக்கர் திரும்பிப் போனது.

ஒரு மாதம் கூட ஆகவில்லை. அதே வீட்டிலிருந்து மறுபடியும் அழைப்பு. இந்த முறை இடதுபக்கத்து ஸ்பீக்கர்.

நான் போனபோது ராஜமாணிக்கத்தின் மனைவி சாந்தா அம்மா தானே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அலமேலு எங்கம்மா?"

"அவள அனுப்பிட்டோம்" என்றார், கையைத் துடைத்துக்கொண்டே. "நீங்கதான எழுதிக் குடுத்தீங்க, கைதவறின சேதம்னு. எங்க கை அது? நானும் தொடல, இவரும் தொடல. பகல்ல அந்த ஹால்ல தொடப்பத்தோட இருந்தவ அவ ஒருத்திதான். கேட்டா பூன பூனன்னு சாதிக்கிறா. எதுக்குப் பொய் சொல்றன்னு இவரு வெளிய நிக்க வச்சுக் கேட்டாரு. தெருவே பாத்துக்கினு இருந்துச்சு."

அவர் காட்டிய இடத்தில், டி.வி.க்குக் கீழே கண்ணாடித் தட்டில், என் கார்டு இருந்தது. என் கையெழுத்து. கோணல்மாணல் இல்லாத, ஐ.டி.ஐ.யில் பழகிய சுத்தமான எழுத்து.

ஒரு சொல்லால் யாருக்கும் நஷ்டமில்லையாம். ஒரு பெண்ணைத் தெருவில் நிற்க வைத்துத் திருடியைக் கேட்கிற மாதிரி கேட்டிருக்கிறார்கள். உண்மையைச் சொன்னவள் பொய்க்காரி. பொய்யை எழுதிய எனக்கோ, "உக்காருங்கம்மா, காபி சாப்டுறீங்களா?" என்று உபசாரம்.

"இதுக்கு யார் கை?" என்று இடதுபக்க ஸ்பீக்கரைக் காட்டினேன். "அவதான் இல்லியே இப்ப."

உள்ளேயிருந்து வந்த ராஜமாணிக்கம் சொன்னார்: "அவ போறப்பவே எதுனா பண்ணிட்டுப் போயிருப்பா."

பெட்டியை ஹால் நடுவில் மல்லாக்கப் படுக்க வைத்தேன். செய்தித்தாளை விரித்தேன். அவர்கள் இருவரையும் எதிரே உட்காரச் சொன்னேன். சட்டத்தைக் கழற்றி, துணியை ஒரு முனையிலிருந்து மெதுவாகச் சுருட்டினேன். ரோமம் கொத்தாக வந்தது, வெள்ளை வெள்ளையாக. கோனைச் சுற்றியிருக்கிற ரப்பர் வளையத்தில் நாலு கிழிசல். அதில் ஒன்றில் ஏதோ சிக்கியிருந்தது. சின்ன இடுக்கியால் இழுத்துக் காகிதத்தின் மேல் போட்டேன். பிறை மாதிரி வளைந்து, கண்ணாடி மாதிரி உள்ளே வெறும் கூடாக, நகத்தின் மேலோடு. பூனை நகம் தீட்டும்போது பழைய மேலோட்டை அப்படித்தான் கழற்றிப் போடும்.

"இது அலமேலு நகமாங்க?" என்றேன்.

ராஜமாணிக்கம் குனிந்து பார்த்தார். ஆம்ப்ளிபயர் மேல் ஸ்வீட்டி கொட்டாவி விட்டது. அவர் முகத்தில் ஒரு வெட்கம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது இதுதான்: "சரிம்மா, பூனைன்னே வச்சிக்குவோம். இப்ப இன்னாங்கற? போனவ போயிட்டா. போன தடவ மாதிரியே எழுதிட்டு, எடுத்துக்கினு போ."

ஸ்பீக்கரை எடுக்கவில்லை. அந்த நக மேலோட்டை மட்டும் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சார் வழக்கம் போல் பொறுமையாகக் கேட்டார். புதுக் கார்டில் பூனை என்று எழுதப் போகிறேன், பழைய கார்டையும் திருத்த வேண்டும் என்றேன். கைக்குட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"பழசைத் திருத்தினா, நாம கம்பெனிக்குப் பொய் சொன்னோம்னு ஆயிடும் செல்வி."

"சொன்னோம் சார்."

"நாம இல்ல" என்றார், அதே மிருதுவான குரலில். "அதுல உங்க கையெழுத்துதான் இருக்கு."

மயிரிழை உரசல் கேட்கிற காது. தான் சொன்னது அதற்குக் கேட்கவே இல்லை. நான் அவர் எதிரிலேயே பழைய கார்டின் சென்டர் நகலை எடுத்து, என் சொல்லை அடித்து, "பூனை கீறியது. முன்பு எழுதியது தவறு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். புதுக் கார்டிலும் எழுதினேன். மறுநாளிலிருந்து என்னை மேஜையிலிருந்து எடுத்து டோக்கன் கொடுக்கிற கவுன்ட்டரில் உட்கார வைத்தார். ஆறு மாதம் இருந்தேன். அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. அலமேலுவுக்கு நடந்ததற்கு முன்னால் அது ஒரு தண்டனையா?

அலமேலு அறையைக் காலி செய்துகொண்டு ஊருக்கே போய்விட்டாள் என்று கேள்விப்பட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை மலை பஸ் ஏறினேன். வெள்ளிமலைக்கு இரண்டு நிறுத்தம் முன்னால் இறங்கிக் கேட்டுக் கேட்டுப் போனேன். சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வரிசையில் பள்ளிக்கூடப் பாவாடையோடு மகள். அந்தப் பாவாடையைப் பார்த்ததும் நான் தயாரித்து வைத்திருந்த பேச்செல்லாம் மறந்து போனது.

வரப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சார் சொன்னார் என்று ஒரு தடவை வாயில் வந்தது. நிறுத்திக்கொண்டு, நான்தான் எழுதினேன் என்றேன். காகிதத்தைப் பிரித்து நக மேலோட்டைக் காட்டினேன்.

அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தன் இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே விரித்தாள்.

"இத யாரானா பாத்தாங்களா? சபீனா பவுடரு போட்டுப் பாத்திரம் தேச்சுத் தேச்சு எனக்கு நகமே கெடையாது. இந்தக் கைய வச்சுக்கினு நான் துணியக் கிழிச்சன்னு அந்தம்மா சொல்லுது. வேற எந்த வூட்லயும் கேட்டத் தொறக்கல. பொண்ணு முழுப் பரிட்சைக்கு மூணு மாசம் இருக்கறப்ப இங்க வந்து களை புடுங்கிக்கினு கீது. ஆட்டோல ஏத்தறப்ப உன்னாண்ட சொன்னேனே. எனக்குத் தெரியும்னு சொன்னியே."

"சொன்னேன்."

"அப்புறம் இன்னாத்துக்கு எழுதின?"

நான் காகிதத்தை மறுபடி மடித்தேன்.

குனிந்து அடுத்த களையைப் பிடுங்கிக்கொண்டே சொன்னாள்: "நீ மலை ஏறி வந்து என்னாண்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? எனக்குத்தான் மொதல்லயே தெரியுமே. கேக்க வேண்டியவங்க கீழ இருக்காங்க."

புதன்கிழமை காலை குடிதண்ணீர் வருகிற நேரம். வடக்கனந்தலில் அந்தத் தெருக்குழாயில் ஏழெட்டுப் பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். நானும் அலமேலுவும் ராஜமாணிக்கம் வீட்டு வாசலில் போய் நின்றோம். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள வாங்க, உக்காந்து பேசிக்கலாம்" என்றார்.

"உள்ள வேணாங்க" என்றாள் அலமேலு. "என்ன வெளியதான நிக்க வச்சுக் கேட்டீங்க."

நான் குழாயடியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். மேடைப் பேச்செல்லாம் எனக்கு வராது. நான் சர்வீஸ் சென்டர் செல்வி, இந்த வீட்டு ஸ்பீக்கரைக் கிழித்தது பூனை, அது எனக்கு முதல் நாளே தெரியும், தெரிந்தே பொய்யாக எழுதினேன், அதனால்தான் இந்தம்மா மேல் பழி வந்தது என்று சொன்னேன். நக மேலோட்டைக் கையில் வைத்து ஒவ்வொருவரிடமும் காட்டினேன். ஒரு குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, யாரும் அதை எடுக்கவில்லை.

ராஜமாணிக்கம் உள்ளே போய், எங்கள் பேச்சு கேட்காதபடி டி.வி. செய்தியைச் சத்தமாக வைத்தார். டி.வி.யோடு இணைத்திருந்த, கிழிந்த இடதுபக்க ஸ்பீக்கர் தகரம் மாதிரி கரகரத்தது. அலமேலு போன பிறகு கிழிந்த ஸ்பீக்கர். குழாயடியில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

சாந்தா அம்மா மட்டும் வாசலிலேயே நின்றார். உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு படியிறங்கி வந்தார். "அந்த வெள்ளச் சனியன் அதுக்கப்புறம் கீறினத நானே என் கண்ணால பாத்தேன் அலமேலு. இவருகிட்ட சொல்லவும் பயம், உங்கிட்ட சொல்லி அனுப்பவும் மானம் போவுது. தப்பு எங்க மேலதான்." எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். "நாளைலேர்ந்து வந்துடுடி."

"வேணாம்மா" என்றாள் அலமேலு. கோபமாகக் கூடச் சொல்லவில்லை.

குடத்தை இடுப்பில் வைத்தபடி மூன்றாம் வீட்டு மல்லிகா முன்னால் வந்தார். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். "கேட்டத் தொறக்காதவங்கள்ல நானும் ஒருத்தி" என்றார். "எங்க வூட்டுக்கு வர்றியா? பொண்ண மறுபடி சேக்கறதுக்கு ஸ்கூல்ல நான் பேசறேன்."

அலமேலு உடனே தலையாட்டிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டாள்: "உங்க வூட்ல பூன கீதாங்க?"

"ரெண்டு இருக்குதே."

"ஸ்பீக்கரு?"

"பையன் வாங்கி வச்சிருக்கான்."

அலமேலு என் பக்கம் திரும்பினாள். காலையிலிருந்து அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். "அப்ப நீ வா. மொதல்ல அதுக்கு ஒரு வழி பண்ணு. அப்புறம்தான் நான் அந்த வூட்ல தொடப்பத்தத் தொடுவேன்."

கடைத்தெரு இரும்புக் கடையில் துளைத் தகடும் நார்க்கயிறும் வாங்கி வந்தேன். மல்லிகா வீட்டு ஹாலில் அவள் தகட்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, நான் மறுமுனையைத் திருகினேன். இரண்டு பூனைகளும் சோபா மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. மன்னித்தேன் என்று அலமேலு சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாலு மூலையும் முடிந்ததும் எழுந்து, தகட்டைப் பலம் கொண்டமட்டும் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அது அசையவில்லை.

"நடுவுல இன்னொரு ஸ்க்ரூ போடு" என்றாள்.

போட்டேன்.